ஒரே கணினியில் இரண்டு செஸ் எஞ்சின்கள்: கர்னல் சிபியு நேரத்தை எப்படிப் பங்கு போடுகிறது?

சிப்பாய்64:

வணக்கம். கல்லூரி மூன்றாம் ஆண்டு. சி++-ல் சொந்தமாக ஒரு செஸ் எஞ்சின் எழுதிக்கொண்டிருக்கிறேன். புதிய பதிப்பு பழையதை விட பலமா என்று பார்க்க, எஞ்சின்களுக்குள் போட்டி நடத்தும் கட்செஸ் (Cute Chess) மென்பொருள் மூலம் இரண்டையும் மோதவிடுகிறேன். ஆட்டத்துக்கு 10 விநாடி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 0.1 விநாடி கூடுதல். பாண்டரிங் (எதிராளியின் நேரத்திலும் யோசிப்பது) கிடையாது. லேப்டாப்பில் இருப்பது ஐ5 8250யு, உபுண்டு. எட்டு சிபியு காட்டுவதால் ஒரே சமயத்தில் எட்டு ஆட்டம் ஓட்டுகிறேன்.

மூன்று விஷயம் புரியவில்லை.

எஞ்சினைத் தனியாக ஓட்டினால் விநாடிக்கு 11 லட்சம் நோட் (ஆராயும் நிலை) தேடுகிறது. எட்டு ஆட்டம் ஓடும்போது 5 லட்சம்தான். ஆனால் சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் யோசிக்கிற ஒவ்வொரு எஞ்சினும் 100 சதவீதம் சிபியு எடுப்பதாகவே காட்டுகிறது. முழுசாகக் கிடைக்கும்போது வேகம் ஏன் பாதி?

அடுத்தது, நேரத் தோல்வி. யானை முடிவாட்டத்தில் ஜெயிக்கிற நிலை, கையில் 200 மில்லிசெகண்ட் இருக்கிறது, கொடி விழுந்துவிடுகிறது. பிரௌசர் திறந்திருக்கும்போது இது அதிகம். சிபியு எட்டு இருக்க ஒரு பிரௌசரால் இவ்வளவு பாதிப்பு வருமா?

கடைசியாக, ஷெட்யூலர் (இயங்குதளத்தின் மையமான கர்னலில் சிபியு நேரத்தைப் பிரிக்கும் பகுதி) எப்படிப் பங்கிடுகிறது என்று நேரடியாகப் பார்க்க, ஒரு நிரலைக் குறிப்பிட்ட சிபியுவில் மட்டும் ஓடவைக்கும் டாஸ்க்செட் வைத்து இரண்டு எஞ்சினையும் ஒரே சிபியுவில் கட்டினேன். இரண்டு டெர்மினல், இரண்டிலும் ‘கோ இன்ஃபினிட்’ (நிறுத்தும்வரை யோசி என்ற கட்டளை). ஒன்றுக்கு மட்டும் நைஸ் 10 (எண் கூடினால் முன்னுரிமை குறையும்). அதற்குக் குறைவாகத்தானே கிடைக்க வேண்டும்? இரண்டும் சரிபாதி எடுக்கின்றன. நைஸ் வேலை செய்யவில்லையா?

யானைக்கோட்டை:

தம்பி, உங்க கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குறேன். மத்த ரெண்டுக்கும் சூட்சுமம் அதுலதான் இருக்கு.

நைஸ் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. ரெண்டு டெர்மினல்ல ஓட்டினதாலதான் அது தெரியலை. லினக்ஸ் 2.6.38-லிருந்து, அதாவது 2011-லிருந்து, ஆட்டோகுரூப்னு ஒரு ஏற்பாடு இருக்கு. ஒரு டெர்மினல்ல பிறந்த பிராசஸ் (ஓடிக்கிட்டிருக்கிற நிரல்) எல்லாம் ஒரு குழு. கர்னல் முதல்ல குழுக்களுக்கு நடுவுல சமமாப் பிரிக்கும், அப்புறம்தான் குழுவுக்குள்ள யாருக்கு எவ்வளவுன்னு பார்க்கும். நைஸ் செல்லுபடியாகிறது குழுவுக்குள்ள மட்டும். இப்போதைய உபுண்டுல, பிராசஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கிற சிஸ்டம்டியும் தன் பங்குக்கு சிகுரூப்பா (கர்னலோட பிராசஸ் குழு) பிரிச்சு வைக்குது. எது பிரிச்சாலும் பலன் ஒண்ணுதான்.

ரெண்டு எஞ்சினையும் ஒரே டெர்மினல்லேருந்து பின்னணியில ஓட்டிப் பாருங்க. நைஸ் 0-க்கு கர்னல் கொடுக்கிற எடை 1024. நைஸ் 10-க்கு 110. அப்போ ஒண்ணுக்கு 90 சதவீதம், இன்னொண்ணுக்கு 10. நைஸ் 5-ன்னா எடை 335, முக்காலும் காலுமாப் பிரியும். டாப்ல கண்ணாலயே பார்க்கலாம்.

இப்போ பிரௌசர் விஷயம். இது பலருக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

உங்க எட்டு ஆட்டத்து எஞ்சின்களும் கட்செஸ்ஸும் ஒரே டெர்மினல்ல பிறந்தவை, ஆகவே ஒரே குழு. குழு மொத்தத்துக்கும் எடை 1024. பாண்டரிங் இல்லாததால எந்த நேரத்துலயும் ஆட்டத்துக்கு ஒரு எஞ்சின்தான் யோசிக்குது. ஆக எட்டு சிபியுலயும் உங்க குழுவோட ஆள் ஒவ்வொருத்தர். அந்த 1024 எட்டாப் பிரிஞ்சு, ஒவ்வொரு சிபியுலயும் உங்களுக்கு 128 எடைதான் நிக்கும். பிரௌசர் வேற குழு. அதுல ஒரே ஒரு த்ரெட் (பிராசஸுக்குள்ள தனியா ஓடுற ஒரு வேலை) முழிச்சு மூணாவது சிபியுல ஏறுதுன்னு வச்சுக்குங்க. அதோட குழு எடை 1024 முழுசும் அந்த ஒரு சிபியுலயே நிக்குது. 1024-க்கு எதிரா 128. பிரௌசருக்கு ஒன்பதுல எட்டுப் பங்கு, உங்க எஞ்சினுக்கு ஒரு பங்கு. மத்த ஏழு சிபியுவும் நிரம்பியிருக்கிறதால கர்னலால யாரையும் நகர்த்தி வைக்கவும் முடியாது. பிரௌசர்ல ஒரு பக்கம் கால் விநாடி கணக்கு போட்டா, அந்தக் கால் விநாடில உங்க எஞ்சினுக்குக் கிடைச்சது முப்பது மில்லிசெகண்டுக்கும் குறைவு. கையில 200 மில்லிசெகண்ட் வச்சிருந்த எஞ்சின் விழாம என்ன செய்யும்?

கர்னல் இதுல யாருக்கும் அநியாயம் செய்யலை. அது சமன் செய்யுறது குழுக்களையும் த்ரெட்களையும். சதுரங்கக் கடிகாரம் எண்ணுறது சுவர்க் கடிகார நேரத்தை. 2007-ல இங்கோ மோல்னார் 2.6.23-ல கொண்டுவந்த சிஎஃப்எஸ் ஷெட்யூலர் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ‘வி-ரன்டைம்’னு ஒரு கணக்கு வச்சு, யார் குறைவா ஓடியிருக்காங்களோ அவங்களை அடுத்து எடுத்துச்சு. 2023-ல 6.6-ல வந்த இஇவிடிஎஃப் ஷெட்யூலர், அந்தக் கணக்கோட யாருக்கு எந்தக் கெடுவுக்குள்ள பங்கு சேரணும்ங்கிறதையும் பார்க்குது. ரெண்டுமே இப்போ ஓடத் தயாரா இருக்கிறவங்களுக்கு நடுவுலதான் நியாயம் பார்க்கும். எதிராளி யோசிச்ச பத்து விநாடி தூங்கின எஞ்சின், முழிச்ச உடனே ‘என் பங்கு பத்து விநாடி பாக்கி’ன்னு கேட்க முடியாது. தூங்கினவன் சேமிச்சு வைக்க ஷெட்யூலர் விடாது.

இதோட விளைவு பாண்டரிங்ல பளிச்சுனு தெரியும். ஒரே கோர்ல ரெண்டு எஞ்சின், ‘அ’ எதிராளி நேரத்துலயும் யோசிக்குது, ‘ஆ’ யோசிக்கலை. ரெண்டு பேர் கடிகாரத்துலயும் ஆளுக்கு 60 விநாடி செலவாகுது. ‘அ’ நகர்த்தவேண்டிய 60 விநாடில ‘ஆ’ தூங்குது, முழு 60-ம் ‘அ’வுக்கே. ‘ஆ’ நகர்த்தவேண்டிய 60 விநாடில ரெண்டும் ஓடுது, கர்னல் நேர்மையா ஆளுக்கு 30 கொடுக்குது. மொத்தத்துல ‘அ’வுக்கு 90, ‘ஆ’வுக்கு 30. ஷெட்யூலர் கடுகளவும் தப்பு செய்யாமலேயே ஆட்டம் மூணுக்கு ஒண்ணுன்னு சாய்ஞ்சு போச்சு. பழைய எஞ்சின் சிலது இன்னும் மோசம்: கட்டளை வந்திருக்கான்னு பைப்பைச் சுத்திச் சுத்திப் பார்த்துக்கிட்டே இருக்கும், தூங்கவே தூங்காது. பாண்டரிங் அணைச்சு வச்சிருந்தாலும் எதிராளியோட பாதி நேரத்தைத் தின்னுடும். புது எஞ்சின் எதை மோதவிட்டாலும், எதிராளி யோசிக்கும்போது இது சும்மா இருக்கான்னு டாப்ல ஒரு தடவை பார்த்துடுங்க.

முதல் கேள்வி: 100 சதவீதம் காட்டியும் வேகம் ஏன் பாதி? உங்க சிப்ல நிஜமான கோர் நாலுதான். ஒவ்வொண்ணும் ரெண்டு சிபியுவாக் காட்டிக்குது (இதுக்குப் பேர் எஸ்எம்டி, அந்த ரெண்டும் ஜோடி த்ரெட்). ஒரே அடுப்புல ரெண்டு பேர் சமைக்கிற மாதிரி, கணக்குப் போடுற யூனிட்டுகளும் எல்1, எல்2 கேஷும் (சிப்புக்குள்ள இருக்கிற வேக நினைவகம்) ரெண்டுக்கும் பொது. ரெண்டும் சேர்ந்து, தனியா ஓடுறதை விடக் கொஞ்சம் கூடுதலா வேலை முடிக்கும், ரெண்டு மடங்கு கிடையாது. கர்னலுக்கு இது தெரியாம இல்லை, ஆனா சதவீதக் கணக்குல அது சேராது. ‘இந்த த்ரெட் சிபியுல இருந்துச்சு’ன்னு மட்டும் எழுதி வைக்கும், எவ்வளவு வேலை நடந்துச்சுன்னு எழுதாது. அதுக்கு மேல சூடு. 8250யு 15 வாட் சிப். ஒரு கோர் மட்டும் ஓடினா 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், நாலும் நிரம்பினா அவ்வளவு தாக்குப்பிடிக்காது, அடிப்படை வேகம் 1.6-தான்.

ஆக, பங்கு ரெண்டு இடத்துல பிரியுது. கர்னலோட வரிசையில ஒண்ணு, சிப்புக்குள்ள ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா அளக்கணும்.

வரிசையை அளக்க: ப்ராக் கோப்புறைக்குள்ள எஞ்சினோட பிராசஸ் எண் இருக்கும், அதுக்குள்ள ஷெட்ஸ்டாட்னு ஒரு கோப்பு. திறந்தா மூணு எண் வரும். முதல் எண் சிபியுல ஓடின நேரம். ரெண்டாவது எண், ஓடத் தயாரா இருந்தும் வரிசையில காத்துக்கிடந்த நேரம். ரெண்டும் நானோசெகண்ட்ல. மூணாவது எண் எத்தனை தடவை சிபியு கிடைச்சதுங்கிறது. உங்க எஞ்சின் தேடலைத் தனி த்ரெட்ல ஓட்டினா, டாஸ்க் கோப்புறைக்குள்ள அந்த த்ரெட்டோட எண்ணுக்குக் கீழ இருக்கிற ஷெட்ஸ்டாட்டைப் பாருங்க. மேல இருக்கிறது மெயின் த்ரெட்டுக்கு மட்டும், அது எப்பவும் தூங்கிக்கிட்டுதான் இருக்கும். நகர்த்தலுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டாவது எண்ணைக் கழிச்சுப் பாருங்க. அந்த வித்தியாசம்தான் எதிராளி எடுக்காம, உங்க எஞ்சின் செலவழிக்காம, காணாமப் போன கடிகார நேரம்.

சிப்புக்குள்ள நடக்கிறதை அளக்க உங்ககிட்ட இருக்கிறது நோட் வேகம் ஒண்ணுதான். காத்திருப்பு சுழியம், வேகம் மட்டும் விழுந்திருக்குன்னா காரணம் பக்கத்து த்ரெட் இல்லேன்னா சூடு.

நான் செய்யுற ஏற்பாடு இது. ‘த்ரெட் சிப்ளிங்ஸ் லிஸ்ட்’ கோப்பைப் பார்த்து எந்த எண்ணும் எந்த எண்ணும் ஒரே கோர்னு தெரிஞ்சுக்குவேன். 0-ம் 4-ம் ஜோடின்னு வந்தா, கோருக்கு ஒண்ணு மட்டும் வச்சுக்குவேன். எஸ்எம்டி கன்ட்ரோல் கோப்புல ஆஃப்னு எழுதினா ஜோடி த்ரெட் எல்லாம் அணைஞ்சிடும், பயாஸ் வரைக்கும் போக வேண்டாம். நாலு கோர்ல ஒண்ணைக் கட்செஸ்ஸுக்கும் மத்த சில்லறை வேலைக்கும் ஒதுக்கிட்டு, மீதி மூணுல மூணு ஆட்டம். ஒரு ஆட்டத்தோட ரெண்டு எஞ்சினையும் ஒரே கோர்லதான் கட்டுவேன். பாண்டரிங் இல்லாதபோது ஒருத்தர் மாத்தி ஒருத்தர்தான் ஓடுறாங்க, மோதிக்க மாட்டாங்க. ஒரே கோர், ஒரே வேகம், ஒரே சூடு ரெண்டு பேருக்கும். கட்செஸ் மாதிரியே இருக்கிற ஃபாஸ்ட்செஸ்ல இதுக்கு அஃபினிட்டி (எந்த சிபியுல ஓடணும்னு கட்டுற) வசதி உள்ளேயே இருக்கு. கட்செஸ்னா ஆட்டத்துக்கு ஒரு கட்செஸ்ஸா டாஸ்க்செட் போட்டு ஓட்டணும்.

ஒண்ணு கவனிங்க. டாஸ்க்செட் எஞ்சினை உள்ள கட்டுமே தவிர, வெளி ஆள் உள்ள வர்றதைத் தடுக்காது. பிரௌசரை ஒதுக்கின கோர்ல தனியாக் கட்டுங்க. இல்லேன்னா மூடிடுங்க.

எட்டு ஆட்டம் மூணாக் குறையுதேன்னு வருத்தப்பட வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினோட சோதனை நடக்கிற ஃபிஷ்டெஸ்ட், 2013-ல கேரி லின்ஸ்காட் தொடங்கினது, உலகம் முழுக்க விதவிதமான கணினில ஓடுது. குறுகிய சோதனைக்கு அவங்க வச்சிருக்கிறதும் உங்க 10+0.1-தான். ஆனா ஒவ்வொரு கணினியோட நோட் வேகத்தையும் முதல்ல அளந்து, மெதுவான கணினிக்குக் கடிகாரத்தை நீட்டிக் கொடுப்பாங்க. சுவர்க் கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாதுங்கிறதை அவங்க ஏற்பாடே சொல்லுது. டாஸ் காலத்துல இதை இன்னும் முரட்டுத்தனமாத் தீர்த்தாங்க: ரெண்டு கணினி, நடுவுல ஒரு சீரியல் கேபிள், ஆட்டோ232-ன்னு ஒரு மென்பொருள். பங்கு போடுற பேச்சுக்கே இடமில்லை. எனக்கு இன்னைக்கும் அதுமேல ஒரு மரியாதை உண்டு.

மதிநிலா:

விண்டோஸில் இதே சோதனையைச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லினக்ஸில் நைஸ் என்பது விகிதம், யானைக்கோட்டை சொன்னது போல 90-க்கு 10. விண்டோஸில் முன்னுரிமை என்பது வரிசை. நார்மல் என்றால் 8, அபவ் நார்மல் என்றால் 10. ஒரே சிபியுவில் 10-ல் இருக்கும் எஞ்சின் ஓடத் தயாராக இருக்கும்வரை 8-ல் இருப்பதற்கு எதுவுமே கிடைக்காது. நான்கு விநாடி போலப் பட்டினி கிடந்த த்ரெட்டை விண்டோஸ் தேடிப் பிடித்துச் சற்று நேரம் 15-க்கு உயர்த்தும். அதற்குள் 10 விநாடி ஆட்டத்தில் கிட்டத்தட்டப் பாதி போயிருக்கும். சில எஞ்சின்களும் சில செஸ் செயலிகளும் முன்னுரிமையைத் தாங்களாகவே மாற்றிக்கொள்கின்றன. இரண்டு எஞ்சினும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் பார்க்காமல் போட்டியைத் தொடங்காதீர்கள்.

இன்டெலின் 12-ம் தலைமுறையிலிருந்து வந்த பல சிப்களில் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை. செஸ் சாளரத்தை மினிமைஸ் செய்துவிட்டு வேறு வேலை பார்த்தால் எஞ்சின் சிறிய கோருக்கு இறங்கிவிட வாய்ப்பு உண்டு. அஃபினிட்டி போட்டுக் கட்டிவிடுவதுதான் பாதுகாப்பு.

தெற்குக்காற்று:

என் எஞ்சினை டாக்கர் கண்டெய்னரில் (நிரலைத் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழல்) ஓட்டுகிறேன். இங்கே பங்கு இன்னொரு விதமாக வெட்டுப்படுகிறது. கண்டெய்னருக்கு ஒரு சிபியு என்று வரம்பு போட்டால், கர்னல் அதை 100 மில்லிசெகண்ட் தவணையாகக் கணக்கிடும். தவணைக்கு 100 மில்லிசெகண்ட் சிபியு நேரம். எஞ்சினுக்கு நான்கு த்ரெட் கொடுத்து, அடியில் நான்கு கோர் இருந்தால், நான்கும் சேர்ந்து 25 மில்லிசெகண்டில் மொத்தத்தையும் தின்றுவிடும். மீதி 75 மில்லிசெகண்ட் நான்கு த்ரெட்டும் அப்படியே நிறுத்தப்படும். நேரத்தைப் பார்க்கும் நிரல் பகுதியும் அந்த த்ரெட்டில்தான் இருக்கிறது, ஆகவே கடிகாரம் ஓடுவது எஞ்சினுக்கே தெரியாது. சிகுரூப்பின் சிபியு ஸ்டாட் கோப்பில் த்ராட்டில் ஆன (இப்படி நிறுத்தப்பட்ட) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்த பிறகு த்ரெட்டை ஒன்றாக்கினேன். நேரத் தோல்வி நின்றது. வாடகை சர்வர் என்றால் டாப் கட்டளையில் ‘எஸ்டி’ என்ற எண்ணையும் பாருங்கள். ஒரே கணினியைப் பல சர்வர்களாகப் பிரித்துக் கொடுக்க அடியில் இருக்கும் ஹைப்பர்வைசர் நம் சிபியுவை வேறொருவருக்குக் கொடுத்த நேரம் அது.

சிப்பாய்64:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. எஸ்எம்டி அணைத்து, மூன்று ஆட்டம், பிரௌசர் தனி கோரில். ஷெட்ஸ்டாட்டின் இரண்டாவது எண் முன்பு ஒரே நகர்த்தலில் பல மில்லிசெகண்ட் கூடும், இப்போது அசைவதே அபூர்வம். வேகம் 9 லட்சம் நோட் பக்கம் நிற்கிறது. ராத்திரி ஓடியதில் நேரத் தோல்வி வரவில்லை.

இரண்டு சந்தேகம். பேசாமல் நகர்த்தலுக்கு இத்தனை நோட் என்று நிர்ணயித்து ஆடவிட்டால் ஷெட்யூலர் தொல்லையே இருக்காதே? அடுத்து, பாண்டரிங் எழுதியிருக்கிறேன், அதைச் சோதிக்க வேண்டுமானால் எப்படி?

யானைக்கோட்டை:

நோட் எண்ணி ஆடலாம், கர்னல் என்ன செய்தாலும் முடிவு மாறாது. எட்டு ஆட்டம்கூட ஓட்டலாம். ஆனா நீங்க மாத்தினது எதுங்கிறதைப் பொறுத்தது அது. நிலையை எடைபோடுற மதிப்பீட்டுல ஒரு எண்ணைத் திருத்தினீங்க, வேகம் மாறலைன்னா தாராளமா நோட் கணக்குல சோதிக்கலாம். மதிப்பீட்டுக்கே புது வேலை சேர்த்தீங்கன்னா, அதுக்கு விலை வேகத்துல விழும். நோட் கணக்கு அந்த விலையை மறைச்சிடும். பத்து சதவீதம் மெதுவான எஞ்சின் நோட் கணக்குல ஜெயிச்சு, கடிகாரத்துல தோத்துப் போகும். அங்க கடிகாரம்தான் வேணும், அதனாலதான் கோரைச் சுத்தமா வச்சுக்கச் சொல்றேன்.

பாண்டரிங்குக்கு எஞ்சினுக்கு ஒரு முழு கோர். உங்க லேப்டாப்ல ஒரே ஒரு ஆட்டம்தான் ஓட்ட முடியும்: ரெண்டு கோர் எஞ்சின்களுக்கு, ஒண்ணு கட்செஸ்ஸுக்கு, ஒண்ணு சும்மா. எல்3 கேஷ் 6 எம்பி ரெண்டுக்கும் பொதுவாத்தான் இருக்கும், அதைப் பிரிக்க வழியில்லை, ஹேஷை (ஆராய்ஞ்ச நிலைகளைச் சேமிக்கிற அட்டவணை) ரெண்டுக்கும் ஒரே அளவு வச்சுடுங்க. எதிர்பார்த்த நகர்த்தலையே எதிராளி ஆடிட்டார்னு சொல்ற ‘பாண்டர்ஹிட்’ வந்த நொடியிலிருந்து கடிகாரம் உங்களது, அதுக்கு முன்னாடி யோசிச்ச நேரத்தைச் செலவுக் கணக்குல சேர்த்துடாதீங்க. அந்தப் பகுதி நிரலை இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.